பூட்டுப் படம் இருந்தது, பூட்டு இல்லை

எனக்கு எழுபது வயது. வளர்த்தது ஐந்து பேரை. மூன்று பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு பேர் என் அக்கா விட்டுப்போன பிள்ளைகள். ஐந்து பேரும் இன்று யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ்கிறார்கள். என் பெயர் அந்தோணியம்மாள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. கல்மண்டபத்தில் வலையும் கயிறும் விற்கிற கடைக்கு மேல் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இருக்கிறது. அதில் பதினாறு வருடம் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். முதல் ஆறு வருடம் டீ போட்டேன், தரை துடைத்தேன், சாவிக்கொத்து வைத்திருந்தேன். பின் பத்து வருடம் அதே தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்கள் செய்கிற சாமானைச் சோதனை பார்த்தேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கே நம்ப முடியவில்லை.

அங்கே சோதனைப் பிரிவில் இப்போது புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்களாம். என் மேலதிகாரியாக இருந்த சுமதி மேடம் போன் செய்தார்.

"யம்மா, அந்தப் பூட்டு விசயத்த எயுதிக் குடுங்க. நான் சொன்னா பாடம் நடத்தறேன்னு தூங்கறாங்க."

"நான் எழுதினா மட்டும் முழிச்சிப்பாங்களா மேடம்?"

"நீங்க எயுதினா எயுத்து கூட்டிப் படிக்கவே முழிச்சிகினு இருக்கணும்ல" என்று சிரித்தார். அதனால் எழுதுகிறேன். பிள்ளைகளே, பொறுமையாகப் படியுங்கள்.

கம்ப்யூட்டருக்கு முன் என் பிழைப்பு இறால். பதினைந்து வயதில் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் இறால் தலை கிள்ளப் போனேன். ஐஸ் தண்ணீரில் கை வைத்து வைத்து, சோறு பிசையும்போது சூடு தெரியாது. அதற்கு அப்புறம் குளிர் அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். எண்ணத் தெரியும், வாய் குறைவு, அதனால்தான். அந்த அறைக் கதவு ஒரு சாண் கனம். சரியாகச் சாத்தாவிட்டால் காலையில் மொத்தச் சரக்கும் நாறிப்போகும்.

அங்கேதான் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. பூட்டினால் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். இதை எல்லோரும் செய்வார்கள். நான் இன்னொரு முறையும் இழுப்பேன். மேனேஜர், இன்ஜினியர் என்று சொந்தமாகச் சாவி வைத்திருக்கிற யாராவது உள்ளே போய் வெளியே வந்தால், அவர் முதுகு மறைந்ததும் போய் மறுபடி இழுப்பேன். சாவி இல்லாதவன் அந்தப் பூட்டைத் தொடவே மாட்டான். சாவி உள்ள ஆள்தான் போனில் பேசிக்கொண்டே சும்மா ஒட்டவைத்துவிட்டுப் போவார். எத்தனை முறை அப்படிக் கதவு என் கையோடு வந்திருக்கிறது! இந்த ஒரு பழக்கத்தை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டுதான் கல்மண்டபத்து மாடிப்படி ஏறினேன்.

அந்தக் கம்பெனி செய்வது என்னவென்று முதலில் சொல்கிறேன். தொழிற்சாலையில் மெஷினை ஓட்டுவதற்குக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுத வேண்டும். அதற்கு நிரல் என்று பெயர். அந்த நிரலை எழுதுவதற்கான மேடையைத்தான் இவர்கள் செய்தார்கள். பெரிய படிப்பு படிக்காத ஆள்கூட, தமிழில் எழுதிய படக்கட்டங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, 'இந்த அளவைத் தாண்டினால் மணி அடி, பம்பை நிறுத்து' என்று சொல்லிவைக்கலாம். வெளியே கொடுப்பதற்கு முன் உள்ளேயே வைத்து ஓட்டிப் பார்ப்பதை ஒத்திகைப் பதிப்பு என்பார்கள்.

ஒருநாள் டீ கொண்டுபோய் வைத்தேன். சுமதி மேடம் தன் நாற்காலியை விட்டு எழுந்து, "யம்மா, தோ இங்க குந்துங்க" என்றார். நான் தட்டோடு நின்றேன்.

"படிச்சவங்க எல்லார்க்கும் இது புரியுது. படிக்காதவங்களுக்குப் புரியுதான்னு எனக்குத் தெரியணும். மணி அடிக்க வைங்க பாப்போம்."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு மவுஸைப் பிடித்தேன். எலிக்குஞ்சைப் பிடித்ததுபோல் பயமாக இருந்தது. கட்டத்தை எடுத்து வைத்தேன், இன்னொன்றை எடுத்து அதன் கீழ் வைத்தேன். மணி அடித்தது. நான் வைத்ததால் அடித்தது. மாதா கோயில் மணிக் கயிற்றைச் சிறுவயதில் ஒருமுறை இழுக்க விட்டார்கள், அதற்குப் பிறகு அன்றுதான் உடம்பு அப்படிச் சிலிர்த்தது.

அதற்கு அடுத்த இரண்டு வருடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், சாயந்திரம் போனேன். இரண்டு விரலால் தட்டக் கற்றேன். அழுதேன், திட்டு வாங்கினேன், கற்றேன்.

எனக்கு ஒதுக்கிய வேலை அனுமதிச் சோதனை. கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பூட்டு உண்டு. இரும்பும் இல்லை, சாவித் துவாரமும் இல்லை. ஆனாலும் பூட்டு. சுமதி மேடம் ஒரு பழைய காலண்டர் அட்டையைத் திருப்பிப்போட்டு ஒன்பது கட்டம் வரைந்தார். மேலிருந்து கீழே மூன்று பேர்: ஃபைலுக்குச் சொந்தக்காரரான அதிகாரி, அவரோடு வேலை செய்கிற குழு, பின் மற்றவர். இடமிருந்து வலமாக மூன்று உரிமை: பார்க்க, மாற்ற, ஓட்ட. ஒவ்வொரு கட்டத்திலும் உண்டு அல்லது இல்லை.

"அவ்ளோதானா மேடம்?"

"அவ்ளோதான். உலகத்துல பெரிய பெரிய கம்ப்யூட்டரு எல்லாம் இந்த ஒம்போது கட்டத்தத்தான் நம்பிகினு கீது."

நான் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாண்டி ஆடுகிற கட்டம் மாதிரி இருந்தது. இதன் மேல் உலகம் நிற்கிறதா என்று நினைத்தபோது காலுக்குக் கீழே தரை ஆடுவதுபோல் இருந்தது. அந்த அட்டை பத்து வருடமும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. மூன்று பேருக்கும் மூன்று நிறத்தில் பெயர் அட்டை செய்துகொண்டேன். அதிகாரிக்குச் சிவப்பு, குழுவுக்கு மஞ்சள், மற்றவருக்குப் பச்சை. எந்தப் பெயரில் உள்ளே போகிறேனோ அந்த அட்டையை மேஜையில் நிறுத்திவிட்டுத்தான் போவேன்.

சுமதி மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் பிறந்தவர். அவர் வீட்டில் முதல் இன்ஜினியர். மீட்டிங்கில் இங்கிலீஷ் பேசினால் ரேடியோ கேட்பதுபோல் இருக்கும். எங்களிடம் வந்தால் எங்கள் பேச்சுதான். யாராவது ஒரு கோளாறைக் கண்டேன் என்றால், தன் இடத்துக்கு வரச் சொல்லமாட்டார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து, சொல்கிறவரைவிடத் தாழ்வாக உட்கார்ந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். மவுஸைத் தொடக்கூடாது என்பதற்காக. "நான் தொட்டா நான் செஞ்சது ஆயிடும், ஒங்க கண்டுபிடிப்பு போயிடும்" என்பார்.

பிறகு மூன்றே கேள்வி. இன்னா செஞ்சீங்க? இன்னா நடக்கணும்? இன்னா நடந்துச்சு? நாலாவதாக 'ஏன்' என்று நாம் ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார். ஏன் என்பது நிரல் எழுதுகிறவர் பாடு. நாம் ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தால், கண்டதை விட்டுவிட்டு நினைத்ததைச் சொல்வோம் என்பது அவர் கணக்கு.

ஒருமுறை நான் தவறு செய்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய பதிப்பு திரையில் இன்னொரு ஜன்னலில் திறந்திருந்தது தெரியாமல், புதிய பதிப்பில் பூட்டு கெட்டுவிட்டது என்று சத்தம் போட்டேன். ஐந்து இன்ஜினியர்கள் அரை நாள் தேடினார்கள். என் கண் பிசகு என்று தெரிந்ததும் யாரும் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆபீசில் எது திறக்காவிட்டாலும், பாத்ரூம் கதவு சிக்கினால்கூட, "அந்தோணிம்மா பூட்டு" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இனி அந்தப் புதன்கிழமை.

காத்திவாக்கம் தாண்டி ஒரு இறால் பதனக் கம்பெனி. எங்கள் மேடையின் புதிய பதிப்பை முதலில் வாங்கப்போவது அவர்கள்தான். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். அங்கே குளிர்ச்சிக்கு அமோனியா வாயு குழாயில் ஓடுகிறது. கசிந்தால் மணி அடிக்க வேண்டும், பம்பு நிற்க வேண்டும். எந்த அளவில் அடிக்க வேண்டும் என்பது ஒரு ஃபைலில் இருக்கும். அந்த அளவைப் பாதுகாப்பு அதிகாரி மட்டும்தான் மாற்றலாம். சூப்பர்வைசர்கள் பார்க்கலாம், மாற்றக்கூடாது. மற்றவர்களும் அப்படித்தான்.

அந்தக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் நிற்பவள் என் இரண்டாவது மகள் ஜெசி. அந்தக் குழாய்க்குக் கீழேதான் அவள் மேஜை. இதை நான் ஆபீசில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அந்த வாரம் கௌதம் என்கிற இன்ஜினியர் ஒரு அருமையான வேலை செய்திருந்தார். சேலத்துப் பிள்ளை, கெட்டிக்காரர். முன்பெல்லாம் ஃபைலைச் சேமிக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் பாதியில் செத்துப்போகும். கௌதம் அதை மாற்றி, கரண்ட் போனாலும் ஃபைல் சாகாதபடி செய்துவிட்டார். நான் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஃபைல் முழுசாக எழுந்து வந்தது. பைபிளில் கல்லறையிலிருந்து எழுந்து வந்த லாசரஸ் மாதிரி என்று சொல்லிக்கொண்டேன். எந்த மாற்றம் வந்தாலும் கம்ப்யூட்டர் தானாகவே நூற்றுக்கணக்கான சோதனை ஓட்டும். அத்தனையும் பச்சை விளக்கு காட்டியது.

நானும் என் அட்டையை எடுத்தேன். ஒவ்வொரு நிறத்துக்கும் புதிதாக ஒரு ஃபைலைப் பூட்டிக்கொண்டேன். சிவப்பு, மஞ்சள், பச்சை. ஒன்பது கட்டமும் சரி. மாற்றக்கூடாதவர் மாற்றப்போனால் 'அனுமதி இல்லை' என்று திருப்பி அனுப்பியது. பேனாவை மூடி வைத்திருக்கலாம். கை கேட்கவில்லை. சிவப்பு அட்டையை நிறுத்தி, அதிகாரியாக உள்ளே போனேன். அளவு இருபத்தைந்து என்று இருந்தது. ஒன்றும் மாற்றாமல் அப்படியே சேமித்துவிட்டு வெளியே வந்தேன். பிறகு மஞ்சள் அட்டையை நிறுத்தி, சூப்பர்வைசராகப் போனேன். ஃபைலுக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தது. இழுத்துப் பார்த்தேன். அதாவது, இருபத்தைந்துக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் தட்டிச் சேமித்தேன்.

சேமித்துக்கொண்டது.

இருநூற்றைம்பது. இனி பத்து மடங்கு கசிந்தால்தான் மணி அடிக்கும். பூட்டுப் படம் அப்படியே இருந்தது. குளிர் அறைக் கதவு கையோடு வரும்போது முகத்தில் அடிக்கும் ஒரு சில்லென்ற காற்று, அது அடித்ததுபோல் இருந்தது. பச்சை அட்டையை நிறுத்தி யாரோ ஒருவராகப் போனேன். அதற்கும் வழி விட்டது. பழைய ஜன்னல் ஏதும் திறந்திருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். இல்லை.

கௌதமைக் கூப்பிட்டேன். அவர் வந்து, தானே மவுஸை வாங்கி, புதிதாக ஒரு ஃபைலைப் பூட்டி, சூப்பர்வைசராகப் போய் மாற்றப் பார்த்தார். 'அனுமதி இல்லை' என்றது. மறுபடியும் செய்தார். மறுபடியும் இல்லை என்றது.

"ஆன்ட்டி, நீங்க அதிகாரி பேர்லயே உள்ள இருந்திருப்பீங்க. அட்டை மஞ்சளா இருந்தா போதுமா?"

"இல்ல தம்பி, வெளிய வந்துட்டுத்தான் போனேன்."

"எனக்கு வரலையே. ரெண்டு நாள்ல ரிலீஸ் ஆன்ட்டி, இன்னொரு அந்தோணிம்மா பூட்டு வேணாம்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் நாலு பக்கத்திலும் தலை திரும்பியது. எனக்கு முகம் சுட்டது. ஒருவேளை என் கண்தானோ? அறுபதைத் தாண்டிய கண். விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்தில் ஜெசி ரப்பர் பூட்ஸோடு அந்தக் குழாய்க்குக் கீழே நிற்பது தெரிந்தது.

"மேடத்தக் கூப்புடுங்க" என்றேன்.

ஸ்டூல் வந்தது. கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. "இன்னா செஞ்சீங்க?"

"மஞ்சள் பேர்ல போயி அளவ மாத்தினேன், மாத்திச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"ஒம்போது கட்டமும் பாத்தேன்."

"அதுக்கப்பால?"

"அவ்ளோதான் மேடம்."

மேடம் கௌதமிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். "கௌதம், நீங்க எதையும் தொடாதீங்க. அவங்க கை இன்னா செய்யுதோ அத்த மட்டும் ஒவ்வொண்ணா எயுதுங்க. யம்மா, காலைல செஞ்ச மாதிரியே செய்ங்க. பேசாதீங்க, கை போன போக்குல போங்க."

ஒரு இன்ஜினியர், கையில் பேனாவோடு, நான் செய்கிறதைப் பார்த்து எழுதுகிறார். பின்னால் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சிவப்பு. மஞ்சள். பச்சை. ஒன்பது கட்டம். எல்லாம் சரி. கௌதம் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு என் கை தானாகச் சிவப்பு அட்டையை நிறுத்தியது. அதிகாரியாகப் போனேன், சேமித்தேன், வெளியே வந்தேன்.

"இருங்க" என்றார் கௌதம். பேனா நின்றுவிட்டது. "இத ஏன் ஆன்ட்டி செஞ்சீங்க?"

"எத?"

"எல்லாம் முடிஞ்ச அப்புறம் திரும்ப அதிகாரியா போய் சேவ் பண்ணீங்களே."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் அதைச் செய்கிறேன் என்று. அது எனக்கு வேலையாகவே தெரியாது, மூச்சு விடுவது மாதிரி. "சாவி உள்ள ஆளு போய் வந்தா இழுத்துப் பாக்கணும் இல்ல தம்பி" என்றேன்.

மஞ்சள் அட்டையை நிறுத்தி, பூஜ்யத்தைத் தட்டினேன். சேமித்துக்கொண்டது.

கௌதம் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "ஐயோ மேடம், என்னுதுதான். சேவ் பண்ணும்போது பழைய ஃபைல்ல எழுதாம, பக்கத்துல புதுசா ஒண்ணு எழுதி, அத பழைய பேருக்கு மாத்தறேன். கரண்ட் போனா தப்பிக்கணும்னு. ஆனா அந்தப் புது ஃபைலுக்கு பழைய பூட்ட நான் எடுத்துப் போடவே இல்ல."

"அப்ப பூட்டுப் படம்?" என்று கேட்டேன்.

"அது நம்ம மேடை ஞாபகத்துல இருந்து போடுது ஆன்ட்டி. ஃபைலக் கேட்டுப் போடல."

சுமதி மேடம் ஒரு கறுப்புத் திரையைத் திறக்கச் சொன்னார். அதில் ஃபைல் பெயருக்கு முன்னால் கோடும் எழுத்துமாக ஒரு வரிசை. எழுத்து இருந்தால் உரிமை உண்டு, கோடு இருந்தால் இல்லை. என் ஒன்பது கட்டம்தான், மடித்து ஒரே வரியாக வைத்திருக்கிறார்கள். அதிகாரி சேமிப்பதற்கு முன், சூப்பர்வைசருக்கு 'மாற்ற' என்கிற இடத்தில் கோடு. சேமித்த பின் அதே இடத்தில் ஒரு எழுத்து. ஒரே ஒரு எழுத்து! ஒரு சாண் கனக் கதவு, அமோனியா, மணி, பம்பு, என் மகள், எல்லாம் அந்த ஒரு எழுத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றன. அதைப் பார்த்து என் கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது.

"இது நேத்து இருந்த பதிப்புல நடக்குதா?" என்று மேடம் கேட்டார். "முன்னாடி நின்ன பூட்டு இப்ப நிக்கலன்னா அதுக்கு ரெக்ரஷன்னு பேரு. புதுசா கெட்டதவிட இது மோசம். சரியா கீதுன்னு ஏற்கெனவே பாத்தாச்சேன்னு யாரும் திரும்பத் தேட மாட்டாங்க."

போன முறை வெளியே கொடுத்ததற்குப் பிறகு பதினாறு ஒத்திகைப் பதிப்புகள் இருந்தன. பதினாறையும் பார்க்க வேண்டுமே என்று நான் மலைத்தேன். மேடம் நடுவில் இருந்த எட்டாவதைப் போடச் சொன்னார். பூட்டு நின்றது. அப்படியானால் கோளாறு அதற்குப் பின்னால். மிச்சத்தில் பாதி, பன்னிரண்டாவது. நின்றது. பதினான்காவது. நிற்கவில்லை. பதின்மூன்றாவது. நின்றது. நாலே முறை. பதினாறில் எது என்று விரல் வைத்துக் காட்டிவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கூடையில் இறாலை ஒவ்வொன்றாகப் புரட்டிக் கெட்டதைத் தேடியவள் நான். பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் இப்படி வந்து நிற்குமா! இதைக் கண்டுபிடித்த மனிதர் யாரோ, அவர் கையைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

கௌதம் மெதுவாகச் சொன்னார்: "மேடம், பவர் விசயத்துக்கு இதே மாதிரிதான் சேவ் பண்ணியாகணும். பூட்டையும் சேத்து எடுத்துட்டு வந்து, எல்லாத்தையும் திரும்ப டெஸ்ட் பண்ண ஒரு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை குடுத்துட்டு, அடுத்த வாரம் திருத்தம் அனுப்பலாமா? பூட்டுப் படம் காட்டுது இல்ல. பூட்டுன்னு பாத்துட்டு யாரு போய் மாத்திப் பாப்பாங்க?"

நியாயமான கேள்விதான். இரண்டு பேர் தலையாட்டினார்கள். மேடம் என் பக்கம் திரும்பினார். "யம்மா, நீங்க சொல்லுங்க. மாத்திப் பாப்பாங்களா?"

என்னை யாரும் அதுவரை மீட்டிங்கில் கேட்டதில்லை. நான் எழுந்து நின்று சொன்னேன்.

"மேடம், நான் இருந்த எறா கம்பெனிலயும் மணி இருந்திச்சு. அடிச்சா வேலைய நிப்பாட்டி எல்லாரும் வெளிய போவணும். சரக்கு கெட்டுப்பூடும். அதனால சூப்பர்வைசருங்க மணி நாக்குல ரப்பர் கையுறைய சுத்தி வெச்சிடுவாங்க. ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல, எந்த சூப்பர்வைசரு வந்தாலும். நாங்க எல்லாம் பாத்துகினு சும்மாதான் இருந்தோம், வேலை நின்னா எங்களுக்கும் கஷ்டம். ஒருநாளு மெய்யாலுமே கேஸ் கசிஞ்சிச்சு. மணி அடிச்சிகினுதான் இருந்திச்சாம், எங்களுக்குக் கேக்கல. என் பக்கத்துல நின்ன கன்னியம்மா கண்ணு அன்னிக்குப் போச்சு. அதனால சொல்றேன், இழுத்துப் பாப்பாங்க தம்பி. மொத நாளே இழுத்துப் பாப்பாங்க."

பிறகு, சொல்லவேண்டாம் என்று இருந்ததையும் சொல்லிவிட்டேன். "அந்தக் கம்பெனில என் பொண்ணு கீறா."

சுமதி மேடம் ஸ்டூலிலிருந்து எழுந்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து கைகள் வந்தன. போனை எடுத்தார். அந்தக் கம்பெனிக்கு இங்கிலீஷில் பேசினார். எனக்குப் புரிந்தது 'ஃப்ரைடே' என்பதும் 'நோ' என்பதும்தான். அந்தப் பக்கம் கத்துவது எங்களுக்கே கேட்டது. இவர் குரல் ஒரு சுருதி ஏறவில்லை. போனை வைத்துவிட்டு, "பேஜாருதான். பரவால்ல" என்றார்.

பிறகு எனக்குப் பெரிய வேலை கொடுத்தார். "ரிப்போர்ட்ட நீங்களே எயுதுங்க."

"மேடம், என் எழுத்து..."

"கண்டுபிடிச்சது நீங்க. ஒங்க பேருதான் வரணும்."

எழுத எனக்கு மத்தியானம் முழுக்க ஆனது. இரண்டு விரல். அந்த ரிப்போர்ட் இன்றும் எனக்கு மனப்பாடம். தலைப்பு: அதிகாரி சேமித்தபின் பூட்டு நிற்கவில்லை. செய்தது: அளவு ஃபைலை அதிகாரி பெயரில் சேமித்தேன், வெளியே வந்தேன், சூப்பர்வைசர் பெயரில் போய் மாற்றினேன். நடக்க வேண்டியது: மாற்ற விடக்கூடாது. நடந்தது: விட்டது, பூட்டுப் படம் அப்படியே இருந்தது. பதின்மூன்றாம் பதிப்பு வரை சரி, பதினான்கிலிருந்து கெட்டது. கடைசியில் 'கண்டவர்' என்று ஒரு கட்டம். அதில் அந்தோணியம்மாள் என்று என் பெயரைத் தட்டினேன். 'ணி'க்குப் பதில் 'னி' விழுந்துவிட்டது. மேடம் திருத்தவேயில்லை. இன்றும் அப்படித்தான் இருக்கிறதாம்.

கௌதம் ஒரு வாரத்தில் சரி செய்தார். அதோடு விடாமல் தானாக ஓடுகிற சோதனைகளில் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார். சாவி உள்ளவர் உள்ளே போய் வெளியே வந்தபின் பூட்டை இழுத்துப் பார்க்கிற சோதனை. யாராவது நிரலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கம்ப்யூட்டர் போய் இழுத்துப் பார்க்கிறது. என் கை ஒரு நாளைக்கு இரண்டு முறை செய்ததை அது கண் மூடித் திறப்பதற்குள் செய்கிறது. கௌதம் அதை எனக்கு ஓட்டிக் காட்டினார். பச்சை விளக்கு விழுந்தபோது, என் கையே அந்தப் பெட்டிக்குள் போய் இருப்பதுபோல் தோன்றி, என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அதன் பிறகு யாரும் 'அந்தோணிம்மா பூட்டு' என்று சிரிக்கவில்லை. சொல்வார்கள், சிரிக்கமாட்டார்கள். "அந்தோணிம்மா பூட்டு போட்டாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

சில மாதம் போயிற்று. ஒருநாள் மத்தியானமே ஜெசி வீட்டுக்கு வந்துவிட்டாள். ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"யம்மா, இன்னிக்கி ஒரு கூத்து. மணி அடிச்சிச்சு. எங்க சூப்பர்வைசரு ஓடிப்போயி கம்ப்யூட்டராண்ட குந்திகினான். அளவ ஏத்தறான், ஏத்தறான், அது உடவே இல்ல. 'இன்னாடா இது கலீஜு'ன்னு தட்டிகினே கீறான். அதுக்குள்ள பம்பு நின்னுபோச்சு. அம்புட்டுப் பேரும் ரோட்டுக்கு வந்துட்டோம்."

"அப்பால?"

"அப்பால இன்னா, ஆளுங்க மூக்குல மாஸ்க் மாட்டிகினு போயி பாத்தாங்க. வால்வு மெய்யாலுமே கசிஞ்சிகினு இருந்துச்சாம். என் மேஜைக்கு நேரா மேல. பாதி நாளு லீவு உட்டாங்க. பசிக்குது, இன்னா கொயம்பு?"

"நெத்திலி" என்றேன். சோறு போட்டேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து, அவள் இரண்டு கண்ணையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னாம்மா அப்டி பாக்கற?"

"ஒண்ணும் இல்ல, துன்னு."

பிள்ளைகளே, இவ்வளவுதான். இதை மூன்று நாளாக நோட்டில் எழுதினேன். ஜெசியின் மகள் ரீனா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறாள். காலேஜில் படிக்கிறாள், படு சுட்டி. "எழுத்துப் பிழை மட்டும்தான் ஆயா திருத்தினேன், வேற எதையும் தொடல" என்கிறாள். நம்புகிறேன். ஆனாலும் சாவி உள்ளவள் உள்ளே போய் வெளியே வந்திருக்கிறாள்.

இந்தா ரீனா, மொத வரிலேருந்து சத்தமா படி. இழுத்துப் பாக்கறேன்.